விலாசதாரர் இல்லை

பையை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் அவர்களே தருவார்கள், தண்ணீர் பாட்டிலையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று பர்வீன் என்ற அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தவமணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அறுபத்தாறு வயதில் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. பைக்குள் என்ன பெரிய புதையலா இருக்கிறது, மருமகள் கட்டிக்கொடுத்த நாலு இட்லி, கண் சொட்டு மருந்து, சில்லறை பர்ஸ். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொய் சொல்வதற்குக்கூட ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, முழங்கால் என்றால் மகன் கூடவே கிளம்பி வந்துவிடுவான். கண் என்றால் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. நூலகத்து மேசை பெரிதாக, பச்சைத் துணி விரித்து, கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற இடம் போல இருந்தது. எதிர் மேசையில் ஒரு பெரியவர் பழைய செய்தித்தாள் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஏசி குளிர் நேராகத் தவமணியின் பின்கழுத்தில் இறங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கையில் மிச்சமிருந்தது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மட்டும்தான். அட்டை நைந்து, ஓரங்கள் கரையான் தொட்டுவிட்டுப் போன மாதிரி. அதைப் பார்த்ததும் பர்வீன் கையை நீட்டினாள்.

"இதுல ம. தவமணின்னு இருக்குல்லம்மா? ஆதார்ல இ. தவமணி. டைரக்டர் சார் ரெண்டையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும். ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்க லெட்டரெல்லாம் எடுத்துத் தரேன், படிச்சிட்டிருங்க."

உங்க லெட்டரெல்லாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தக் குரல்தான் போனில் வந்தது. மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த நேரம். "ம. தவமணிங்களா பேசறது?" என்று கேட்டதும், இவள் வாயிலிருந்து யோசனைக்கு முன்னால் "இல்லிங்களே" என்று வந்துவிட்டது. வைத்தும்விட்டாள். பிறகு மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். மறுபடி உதறினாள். ம. தவமணி என்று அவளை யாரும் கூப்பிட்டு நாற்பத்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா பெயர் மருதையா, அதனால் ம. புருஷன் பெயர் இளையபெருமாள், அதனால் இ. ஓர் எழுத்துதான், பெரிய விஷயமில்லை, ஊர் உலகத்தில் எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டாள். அப்போதுதான் பர்வீன் எல்லாவற்றையும் சொன்னாள். சவரிமுத்து சார் போய் நாலு வருஷம் ஆகிவிட்டதாம். அவர் நடத்திய 'கொழுமுனை' பத்திரிகையின் காகிதங்கள், வந்த கடிதங்கள், புரூஃப்கள், எல்லாவற்றையும் பதினொரு பெட்டியில் கட்டி அவர் மகள் இந்த நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். பர்வீன்தான் இரண்டு வருஷமாக உட்கார்ந்து பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறாள். முசிறியில் இவள் பிறந்த வீட்டு விலாசத்துக்கு எழுதிப்போட்டு, இவள் தம்பி மகனிடமிருந்து நம்பர் வாங்கியிருக்கிறாள். "உங்க பேருக்கு சார் எழுதின லெட்டர் ஒண்ணு திரும்பி வந்திருக்கும்மா. ஒட்டினபடியே இருக்கு. யாருக்கு எழுதினதோ அவங்க உயிரோட இருந்தா, அவங்களைக் கேக்காம நாங்க பிரிக்கக் கூடாது. அதுதான் இங்க ரூல்." அவங்க உயிரோட இருந்தா. தவமணி அந்த வார்த்தையில்தான் சிக்கிக்கொண்டாள். இருக்கிறாளா என்று தனக்கே தெரியாத ஒருத்தியைப் பற்றி, தெரியாத ஒரு பெண் இவ்வளவு மரியாதையாக விசாரிக்கிறாள்.

சாம்பல் நிறப் பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் செல்லரித்த வாடை வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு வாடையும் இல்லை. ஒவ்வொரு கடிதமும் தனித்தனியாக ஒரு வெள்ளைத்தாள் உறைக்குள், மூலையில் பென்சிலால் எண் போட்டு. இருபத்து மூன்று. இருபத்து மூன்றா எழுதினாள்? பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்திருந்தாள். முதல் கடிதத்தை எடுத்தாள். மணி மணியான கையெழுத்து. இன்றைக்குப் பால்காரர் அட்டையில் அவள் போடுகிற கோழிக் கிறுக்கலுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. படிக்கப் படிக்க முகம் சூடானது. என்ன திமிர்! என்ன ஒரு வாய்! பதினெட்டு வயசுக் கழுதை ஒன்று, முசிறியில் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, திருச்சியில் பத்திரிகை நடத்துகிற மனுஷனுக்கு எழுதுகிறது: 'சென்ற இதழில் மழை என்பது மலை என்று அச்சாகியிருக்கிறது. ஒரு பெண் மலையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வருவதை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன்.' தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது. எதிர் மேசைப் பெரியவர் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இவளை, இந்தப் பெண்ணை, தவமணிக்குப் பிடித்துப் போயிற்று. தெருவில் பார்த்தால் கொஞ்சம் பயந்திருப்பாள், ஆனாலும் பிடித்துப் போயிருக்கும். அடுத்ததில் அவருடைய தலையங்கம் நீளம் என்கிறாள். அதற்கடுத்ததில் தன் கதையைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் கேட்கிறாள், 'முடிவு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த விதத்தில் சரியில்லை என்று எழுதினால் அல்லவா எனக்குத் தெரியும்?' கேட்கிறாளே, பளிச்சென்று கேட்கிறாளே. பிற்காலத்தில் குழம்பில் உப்பு கூடுதல் என்று சொன்ன மனுஷனிடம் எந்த விதத்தில் கூடுதல் என்று ஒரு நாள் கேட்டிருப்பாளா? இளையபெருமாள் கெட்டவர் இல்லை. கையை ஓங்கியது இல்லை, குடித்தது இல்லை. கடை உண்டு, வீடு உண்டு, சாப்பிட்டு முடித்ததும் ரேடியோ உண்டு. யாராவது கேட்டால் குறை என்று சொல்ல அவளிடம் ஒன்றுமே கிடையாது, அதுதான் பெரிய குறை. ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது நிஜமாகவே அழுதாள். மூன்றாம் நாள் அலமாரியைத் துடைக்கும்போது எதையோ தேடுவது போல ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். என்னத்தைத் தேடினாள் என்று இன்றுவரை தெரியாது.

இருபத்து மூன்றாவது கடிதம் 1981 ஜனவரி. 'எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தாங்கள் கவலைப்பட வேண்டாம், எழுதுவதை விடமாட்டேன்.' தாங்கள் கவலைப்பட வேண்டாமாம். அவளுக்கு வந்த கவலையெல்லாம் பத்திரிகைக்காரரைப் பற்றித்தான். அந்தக் காகிதத்தை அவசரமாக உறைக்குள் தள்ளினாள். பிறகு பதமாக எடுத்து, மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தாள். இதையெல்லாம் அந்த மனுஷன் ஏன் வைத்திருந்தார்? பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல், அடுப்பெரிக்காமல், ஏழெட்டு வீடு மாறியிருப்பார், ஒவ்வொரு முறையும் கயிறு போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றியிருப்பார். அவளிடம் அவருடைய கடிதம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி அம்மா சொல்லாமலேயே அவளே வெந்நீர் அடுப்பில் போட்டாள். யாரும் சொல்லவில்லை. அதுவும் யாரும் சொல்லவில்லை. ஏன் இப்போது 'அதுவும்' என்று தோன்றுகிறது?

துறையூரில், புகுந்த வீட்டில் நடந்ததை அவள் ஒரே மாதிரிதான் சொல்லிவந்திருக்கிறாள். யாரிடம் சொன்னாள், யாரிடமும் இல்லை, தனக்குத்தான். தபால்காரர் வாசலில் வந்து "ம. தவமணி!" என்று கூவினார். மாமியார் உள்ளேயிருந்து "யாருடி அது, ம. தவமணி?" என்றார். அவர் கையில் முறம், முறத்தில் துவரம்பருப்பு. இவள் நடுங்கிப் போய் நின்றாள். மாமியாரே வாசலுக்குப் போய் "இங்க அப்படி யாரும் இல்லப்பா, கொண்டு போ" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பாவம் மாமியார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி, மேலே செல்வி என்று போட்டிருந்ததைக்கூடப் படித்திருக்க முடியாது. அப்படியானால் செல்வி என்று போட்டிருந்தது தவமணிக்கு எப்படித் தெரியும்? முறத்தில் பருப்பு. துவரம்பருப்பு. ஆடி மாசம் பருப்பு புடைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, தையில்தான். இந்த இடத்தில் எப்போதும் ஒரு முள் குத்தும். குத்தியதும் மனசு வேறு பக்கம் போய்விடும், அடுப்பில் வைத்த பாலுக்கு, மகன் பீஸுக்கு, பேரன் சளிக்கு. இங்கே பால் இல்லை, பேரன் இல்லை. பச்சைத் துணி விரித்த மேசையும் ஏசி உறுமலும்தான். போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் மனசு அங்கேயே நின்றது.

ஆடி வெள்ளி. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். இளையபெருமாள் கடையில். வீட்டில் யாருமே இல்லை.

யாருமே இல்லை. அதை மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார், நெற்றியில் திருநீறு, காக்கிச் சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிற சிவப்புப் பென்சில். "ம. தவமணின்னு போட்டிருக்கு. நீதானம்மா தவமணி?" கடிதத்தை அவர் நீட்டியேவிட்டார். இன்லண்ட் லெட்டர், நீலம். அந்தக் கையெழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரியும், 'த' என்ற எழுத்துக்கு ஒரு பெரிய கொம்பு போடுவார். செல்வி ம. தவமணி. கை நீட்டினால் போதும். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதில்லை, படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் போட்டுவிடலாம். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள், மாமியார் இல்லை, அவள்தான் சொன்னாள்: "எனக்கு இனிஷியல் இ.ங்க. இது வேற யாருக்கோ. அப்படி ஒருத்தரு இங்க இல்ல." தபால்காரர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "பேரு ஒத்து வருது, தெருவு ஒத்து வருது, இனிஷியல்தான் இடிக்குது. நல்லா பாரு தாயி." பார்த்தாள், நல்லாத்தான் பார்த்தாள். "இல்லிங்க." சிவப்புப் பென்சில் எடுத்து, சைக்கிள் சீட்டில் வைத்து எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தெரு முக்கு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று தோன்றியது. கால் செருப்பைக்கூட மாட்டிவிட்டது. அப்புறம் உள்ளே வந்து அரிசி களைந்தாள். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள்? பயம் என்று சொல்லலாம். யாருக்குப் பயந்தாள், வீடு காலியாகக் கிடந்ததே. நாற்பத்து நாலு வருஷமாக ஒரு செத்த கிழவியின் தலையில், பாவம், கையில் முறத்தையும் கொடுத்துப் பழியையும் போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கிழவி கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது இவள் கையைத்தான் பிடித்துக்கொண்டது. தவமணிக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சினாள். கடிதங்களின் மேல் கண்ணீர் பட்டுவிடப் போகிறதே என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கல்யாணமான ஆறாம் மாசம் ஒரு கதை எழுதி அவருக்கு அனுப்பியிருந்தாள். ஒளித்து ஒளித்து எழுதியது, கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து. என்ன கதை என்றுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை, ஒரு பெண், ஒரு பஸ். அந்தக் கதைக்கு வந்த பதில்தான் அது. அது தெரிந்துதான் திருப்பி அனுப்பினாள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று ஆரம்ப வருஷங்களில் ராப்பகலாக நினைத்தாள், அப்புறம் வாரத்துக்கொரு தரம், அப்புறம் எப்போதாவது, பஸ்ஸில் இன்லண்ட் லெட்டரோடு யாரையாவது பார்த்தால். இப்போது இந்த மேசையில் உட்கார்ந்து அவள் சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டாள்: நன்றாக இல்லை என்று எழுதியிருக்கட்டும். கதை தேறாது, பிரசுரிப்பதற்கில்லை, குடும்பத்தைப் பாருங்கள் என்று இரண்டு வரி. கோபமாக எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அப்படி இருந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். வாங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, எப்படியும் இந்த வாழ்க்கைதான், இதே குழம்பு, இதே ரேடியோ. நிம்மதியாக வீட்டுக்குப் போய் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால்? அதை நினைத்ததும் குளிர் பின்கழுத்திலிருந்து முதுகு முழுக்க இறங்கியது. அப்படி எழுதியிருந்தால் அந்த மழை-மலை பெண்ணை வாசலில் வைத்து, பட்டப்பகலில், யாரும் சொல்லாமல், அவளே இல்லை என்று சொல்லித் தீர்த்துக்கட்டியிருக்கிறாள். எழுந்து போய்விடலாமா? ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பெண் என்ன செய்யமுடியும்? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அவர்களிடம் இருக்கிறதே. அதை வாங்காமல் எப்படிப் போவது. அதில்தான் அந்தப் பெயர் இருக்கிறது, வேறு எங்கேயும் கிடையாது.

பர்வீன் வந்தபோது இரண்டு உறையும் ஒரு தாளும் கொண்டுவந்தாள். முகம் சங்கடமாக இருந்தது.

"சார் ஓகே சொல்லிட்டாரும்மா. ஆனா ஒண்ணு. நம்ம பட்டியல்ல நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. லெட்டர் எழுதினது ம. தவமணி, கதை அனுப்பினது இ. தவமணின்னு நான்தான் முதல்ல தனித்தனியாப் போட்டுட்டேன், என் தப்புதான். அப்புறம் கையெழுத்தை வெச்சுத்தான் புரிஞ்சுது. ரெண்டும் ஒருத்தர்தான்னு நீங்க உங்க கைப்பட ஒரு வரி எழுதித் தரணும்."

"என்னன்னு எழுதணும்?"

"ம. தவமணியும் இ. தவமணியும் ஒருவரேன்னு. அவ்வளவுதாம்மா."

தவமணி பென்சிலை எடுத்தாள். ம. தவமணியும் என்று எழுதினாள். கிறுக்கல். அடுத்த சொல்லையும் எழுதினாள். ஒருவரே என்று எழுதும் முன் பென்சில் நின்றுவிட்டது. அரசாங்க ஆபீஸ்களில் இதே வரியை எத்தனை முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள், பத்திரம் பதியும்போது, ரேஷன் கார்டுக்கு. அப்போதெல்லாம் கை நிற்கவில்லை. இப்போது, எதிரே கிடக்கிற அந்த இருபத்து மூன்று கடிதங்களுக்கு முன்னால் வைத்துப் பார்க்கும்போது, பொய் சாட்சி சொல்வது போல இருந்தது. தலையங்கம் நீளம் என்று சொன்னவளும் இவளும் ஒன்றா? பர்வீன் பொறுமையாக நின்றாள். இந்தப் பெண்ணுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் தப்புகிறது என்று நினைத்ததும், அந்தச் சின்ன உறுத்தலில், எழுதிக் கொடுத்துவிட்டாள். வாழ்க்கையில் பல கையெழுத்துகளை அவள் இப்படித்தான் போட்டிருக்கிறாள்.

முதல் உறையிலிருந்து வெளிறிய நீலத்தில் அது வந்தது. முதுகுப் பக்கம் சிவப்புப் பென்சிலில், 'விலாசதாரர் இல்லை'. தபால்காரர் நல்ல தமிழில்தான் எழுதியிருந்தார். செல்வியின் மேல் முத்திரை விழுந்து பாதி மறைந்திருந்தது. ஒட்டிய ஓரம் ஒட்டியபடியே இருந்தது.

"அவரு ஏன் இதைப் பிரிக்கவே இல்ல?" என்று கேட்டாள் தவமணி. கேட்ட பிறகுதான் அசட்டுக் கேள்வி என்று பட்டது.

"அவர் எழுதினதுதானேம்மா. உள்ள என்னன்னு அவருக்குத்தான் தெரியுமே."

பர்வீன் மெல்லிய கத்தியால் ஓரத்தை நீவி நீவிப் பிரித்தாள். பசை சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. விரித்து மேசையில் வைத்துவிட்டு, மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தவமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

'அன்புள்ள ம. தவமணி அவர்களுக்கு, கதை கிடைத்தது. இரண்டு முறை படித்துவிட்டு உடனே அச்சுக்கோக்கக் கொடுத்துவிட்டேன். ஆனால் உறையில் ஆறு பக்கங்கள்தான் இருந்தன. ஆறாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. ஏழாம் பக்கத்தை வைக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த தபாலிலேயே அனுப்பிவிடவும். இதழின் மற்ற பக்கங்களெல்லாம் அச்சாகித் தயாராக இருக்கின்றன. தங்கள் கதைக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். கதையில் இனிஷியல் மாறியிருக்கிறது. எந்தப் பெயரில் போடவேண்டும் என்பதையும் தெரிவிக்கவும். சவரிமுத்து.'

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நிறுத்தி வைத்திருக்கிறேன் என்ற இடத்திலேயே கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. யாருக்காகவும் யாரும் எதையும் நிறுத்தி வைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை, சோற்றைக்கூட. இவர் ஒரு பத்திரிகையையே நிறுத்தி வைத்துக்கொண்டு தபாலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

"அந்த மாச இதழ் வந்துச்சாம்மா?" என்றாள். 

"ஆகஸ்ட் இதழே வரலைம்மா. செப்டம்பர்ல ரெண்டு மாசத்துக்கும் சேத்து ஒண்ணு வந்துச்சு. எட்டுப் பக்கம் கம்மியா இருக்கும்."

திரும்பி வந்த இந்த நீலக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன நினைத்திருப்பார்? கோத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டியில் போடச் சொன்னபோது? துரோகம் என்று சொல்கிற அளவுக்குப் பெரிய மனுஷி இல்லை அவள், ஆனால் வேறு என்ன சொல்வது. அழவும் தோன்றவில்லை, அழுகை எல்லாம் முன்கூட்டியே தீர்ந்துவிட்டது போல நெஞ்சு காய்ந்து கிடந்தது. பர்வீன் இரண்டாவது உறையிலிருந்து ஆறு தாள்களை எடுத்து முன்னால் வைத்தாள். கடைக் கணக்கு நோட்டுத் தாள், சிவப்புக் கோடு. ஆறாவது பக்கத்தைத்தான் முதலில் எடுத்தாள். பூங்காவனம் என்று ஒரு பெண். புருஷன் வீட்டை விட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பஸ் கிளம்பப் போகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புருஷன் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் திட்டாமல், இறங்கி வா என்கிறான். கண்டக்டர் அவளைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார். கடைசி வரி: 'கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அவள்'.

அவள் என்பதற்குப் பிறகு பக்கத்தில் இன்னும் பாதி இடம் வெறுமனே கிடந்தது. பத்துப் பன்னிரண்டு கோடுகள், ஒன்றிலும் மை இல்லை. தவமணி அந்த வெள்ளையையே பார்த்தாள். பக்கம் தீர்ந்துபோய் அடுத்த பக்கத்துக்குப் போனவள் இல்லை இவள். ஏழாம் பக்கம் தொலையவில்லை, உறையில் வைக்க மறக்கவும் இல்லை. ஏழாம் பக்கம் என்று ஒன்று இருக்கவே இல்லை. இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது. பின்கட்டில், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, அவள் என்று எழுதிவிட்டு, மூன்று நாள் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல் வரவில்லை. முடிவு சரியில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனுஷனுக்குச் சரியான முடிவும் தெரிந்திருக்கும் என்று நாலாம் நாள் அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். அவர் சொல்வார் என்று இவள் காத்திருந்தாள். இவள் அனுப்புவாள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். வாசலில் அந்த நீலக் காகிதத்தைப் பார்த்தபோது எதற்குப் பயந்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்குள் ஒரு பதில் இருக்கும் என்று பயந்திருக்கிறாள். பாவி மனுஷன், அதற்குள் இருந்தது அவள் கேட்ட அதே கேள்விதான்.

பர்வீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ரூல்படி உட்காரக் கூடாதோ என்னவோ, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பெட்டிங்கள்ல நான் படிக்காத காகிதமே இல்ல. ஆனா இந்த ஆறு பக்கத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. உங்களை எப்படியாவது கண்டுபிடிக்கணும்னு அலைஞ்சதே இதுக்காகத்தான். அந்தப் பூங்காவனம்... விசில் அடிச்சதும் என்னம்மா பண்ணா? எறங்கினாளா, போயிட்டாளா?"

கேட்டுவிட்டு அந்தப் பெண் இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தாள். பச்சைக் குழந்தை மாதிரி ஆசையாகப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று தவமணி ஒரு கணம் நினைத்தாள். காலையிலிருந்து ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. பென்சிலை மேசையில் வைத்தாள்.

"எறங்கிட்டாம்மா" என்றாள். "அப்பவே எறங்கிட்டா."